பியானோவுக்குச் சாம்பிராணி

நவம்பர் 1998, திங்கள் இரவு

வீட்டுக்காரர் வாசித்த பியானோவை விலை பேச, கொழுந்தன் தாமஸ் இன்று கல்பாக்கத்திலிருந்து ஒரு ஆபீசரைக் கூட்டி வந்தான். வீட்டுக்காரர் கண்ணை மூடி நாலு மாதம்தான் ஆகிறது. விற்க மனசில்லை. சொல்ல வாய் வரவில்லை.

அடைமழை, கடல் காற்று வேறு. மரம் ஊறிப்போய், அழுத்தின கட்டை எழுந்திருக்கவில்லை. மழை நாளில் வீட்டுக்காரர் பியானோ உள்ளே பல்பு எரியவிட்டுக் காய வைப்பார். இன்று கரண்ட் இல்லை. வந்த ஆபீசர் எதிரில் வீட்டுக்காரர் பொருள் ஊமையாக நிற்கக் கூடாதே என்று, குளித்த குழந்தைக்குக் காட்டுகிற மாதிரி உள்ளே சாம்பிராணி காட்டி மூடினேன்.

ஆபீசர் கட்டையை அழுத்தினார். சந்தெல்லாம் புகை.

"அண்ணி, பத்திகினு எரியுது!" தாமஸ் தண்ணீர்க் குடத்தைத் தூக்கிவிட்டான். நான் பியானோ மேல் கவிழ்ந்துகொண்டேன்.

"ஊத்தாதப்பா! அது சாம்பிராணி!"

"பியானோவுக்கு எதுக்கு? தலைக்குக் குளிச்சுதா?"

"சளி புடிச்சிகினு கீது."

ஆபீசர் சிரித்துவிட்டார். "முதல்ல அதுக்கு உடம்பு சரியாகட்டும்மா. மழை விட்டதும் வந்து பாக்குறேன்."

படுக்கும் முன் ஜெபம் பண்ணினேன். மழை விடவே கூடாது என்று கேட்டேன். குப்பத்து ஜனங்கள் கடலுக்குப் போக வேண்டுமே என்று அப்புறம்தான் உறைத்தது. ஆண்டவர் பார்த்து ஏதாவது பண்ணட்டும்.