தண்ணீருக்கு முன்னால் வந்த லட்டு

சத்தீஸ்கர்

அம்மாவுக்கு, செங்கோட்டுவேல் வணங்கி எழுதுகிறேன். கழுத்தில் தையல் போட்ட இடம் ஆறிவிட்டதா? தைராய்டு மாத்திரையை வெறும் வயிற்றில்தானே போடுகிறீர்கள்?

உங்களுக்கு வந்த மெடுலரி தைராய்டு புற்றுநோய் அபூர்வமானது, உங்கள் மரபணு வழியாக எனக்கும் வரலாம் என்று சேலம் டாக்டர் சொன்னாரல்லவா? உங்களுக்குச் சொல்லாமல் நானும் பரிசோதனைக்கு இரத்தம் கொடுத்திருந்தேன். நேற்று இங்கே ஒரு தோட்டத்தில் போர்வெல் போட்டுக்கொண்டிருக்கும்போது டாக்டர் கூப்பிட்டார். சத்தத்தில் ஒன்றும் கேட்காமல் துளைபோடும் ரிக்கை நிறுத்தச் சொன்னேன். "உங்களுக்கு அந்தக் கோளாறு இல்லீங்க" என்றார். துள்ளிக் குதித்துவிட்டேன்.

நான் குதித்ததைப் பார்த்த தோட்டத்துச் சொந்தக்காரர், தண்ணீர் வந்துவிட்டது என்று நினைத்து, தண்ணீர் வந்ததும் எங்களுக்குக் கொடுக்க வைத்திருந்த லட்டுத் தட்டோடு ஓடி வந்துவிட்டார். எங்கள் டிரைவர் காளியண்ணன், "திருப்பிக் குடுத்துடாத சாமி, தின்னுபோட்டே தண்ணி எடுக்கலாம்" என்றார். நானூறு அடியில் தண்ணீரும் வந்தது.

போனில் சொன்னால் அழுவீர்கள் என்றுதான், திருச்செங்கோட்டுக்கு வரும் லாரியில் ரிப்போர்ட்டோடு இதைக் கொடுத்துவிடுகிறேன். அதே லாரி திரும்பி வரும்போது பருப்புப்பொடி அனுப்புங்கள். "சாப்புட்டியா சாமி" என்று கேட்டு வாட்ஸ்அப்பில் பேசியும் அனுப்புங்கள்; குரல் கரகரத்தாலும் பரவாயில்லை.

லாரி கிளம்புகிறது. இனியாவது வீடியோ காலில் என் கழுத்தையே பார்க்காமல் முகத்தைப் பாருங்கள்.

உங்கள் மகன்
செங்கோட்டுவேல்