ஆஃப் முதலில்

மிதுன மாசம் 3, திங்கள்
விடிந்ததிலிருந்து மழை. குடையில் ஒரு கம்பி போச்சு. சாலைக் கடைத்தெருவில் லலிதாவுக்குப் பென்சில். “ஒண்ணு மதியோ சாமி?” என்றான் கடைக்காரன். போதும் என்றேன். கல்யாணமாகி எட்டு மாதத்தில் நானாக அவளுக்கு வாங்கிய முதல் சாமான்.

வெள்ளிக்கிழமை அவளுக்கு உபாத்தியாயினிப் பயிற்சிக்கான பரீட்சை. கணக்கு ஒன்றுதான் பயம். பாஸானால் நாகர்கோவிலில், வடசேரிச் சித்தி வீட்டில் தங்கி ஒரு வருஷம் படிப்பு. படிக்கட்டும் என்று எல்லாரிடமும் வாதாடியவன் நான்தான்.

4, செவ்வாய்
மழை. சாயந்தரம் கலப்புப் பின்னம்.
4½ ÷ ½ of 1½.
நான் ‘ஆஃப்’ என்று வாசிக்க, அவள் இன்னொரு அரையை எழுதிவிட்டாள். நம் வாயில் ஹாஃபும் ஆஃபும் ஒன்றுதானே. சிரித்தாள். எட்டு மாதத்தில் என் எதிரில் இப்படி வாய்விட்டுச் சிரித்ததில்லை.

ஆஃப் முதலில், வகுத்தல் பிறகு. ஒன்றரையில் பாதி முக்கால். நாலரையை முக்காலால் வகுத்தால் ஆறு. ஏன் ஆஃப் முதலில் என்றாள். விதி என்றேன். காலில் பாதியை அரைக்கால் என்கிறோமே, அதுபோலவா என்று தானே கேட்டுக்கொண்டாள்.
“அரையும் காலும் ஒட்டிண்டிருக்கு. பிரிச்சா அது அரைக்காலே இல்லை, கேட்டேளா.”
இத்தனை வருஷம் கணக்குப் போட்ட எனக்குத் தோன்றவில்லை.

5, புதன்
நகல் எடுக்க நாலு கடிதம். ஆனது இரண்டு. ஜன்னலில் மழை, காதில் ‘ஒட்டிண்டிருக்கு’. ஹெட் கிளார்க் வந்து நின்றதுகூடத் தெரியவில்லை.
திரும்பும்போது, கால் போன போக்கில், பஸ் ஸ்டாண்டு. நாகர்கோவிலுக்கு மூன்று மணி நேரம். சனிக்கிழமை ஒன்றரைக்கு ஒன்று. ஆபீஸ் ஒரு மணிக்கு விடும்.

6, வியாழன்
மழை விட்டு மஞ்சள் வெயில். பத்துக் கணக்கு கொடுத்தேன். ஒன்பது சரி. பத்தாவது செவ்வாய்க்கிழமைக் கணக்கேதான். முதலில் வகுத்து ஒன்பது, பிறகு ஒன்றரையால் பெருக்கிப் பதிமூன்றரை. ஸ்லேட்டை நீட்டி, சரியா என்று என் முகத்தைப் பார்த்தாள்.
சரி என்றேன். வாயில் வந்துவிட்டது.
ஏன் என்று எனக்குத் தெரியும். வெட்கமாக இருக்கிறது. காலையில் சொல்லிவிட வேண்டும்.

7, வெள்ளி
தூறல். குளித்து வருவதற்குள் அடுத்த வீட்டு மாமியோடு ஜட்காவில் கிளம்பிவிட்டாள். ஈர வேஷ்டியோடு தெரு முனைவரை ஓடினேன். வண்டி போயே போய்விட்டது. ஆபீசுக்கு லீவு.

நாலு மணிக்கு வந்தாள். ஆஃப் கணக்கு வந்ததா என்றேன். வந்ததாம். ஆஃபை முதலில் போட்டாளாம். அப்படியானால் நேற்றுப் பதிமூன்றரை எப்படி?
“வேணும்னேதான். நான் போகட்டுமான்னு வாயால கேட்டா போயிட்டு வான்னுதானே சொல்லுவேள்.”
காப்பி கொண்டுவந்து வைத்தாள்.
“சனிக்கிழமை வடசேரிப் பக்கம் பஸ் உண்டான்னு விசாரிச்சு வையுங்கோ.”
“ஒன்றரைக்கு ஒண்ணு இருக்கு” என்றேன். அதுவும் வாயில் வந்துவிட்டது.