தொப்பியைக் கையில் வைத்திருந்தவன்

இன்று காலை எங்கள் மதிலில் சுவரொட்டி ஒட்ட இரண்டு பேர் வந்தார்கள். பசை வாளியை வாசலோரம் வைத்துவிட்டு டீ குடிக்கப் போனார்கள். வெந்த மைதாவின் லேசான புளிப்பு மணம் வராந்தா வரைக்கும் வந்தது. செய்தித்தாளை மடித்து வைத்துவிட்டு உனக்கு எழுத உட்கார்ந்தேன். மூன்று வாரமாகத் தள்ளிப்போட்டது இது. உனக்குக் கொடுத்த வாக்கு ஒன்றை மீறிவிட்டேன். உன் மனைவி பிலோமினாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

ஏன் சொன்னாய் என்று கேட்பாய். எனக்கு எதையும் முதலிலிருந்து தொடங்கினால்தான் வரும். முப்பத்து மூன்று வருடம் ஆங்கிலம் நடத்தியவனின் வியாதி அது. பொறுத்துக்கொள்.

உன் மகள் ஷைனி அயர்லாந்தில் நர்ஸ் வேலைக்குப் போன இரண்டாம் வருடம் அந்தப் பெட்டியை அனுப்பினாள். அப்போது நீ பேண்டு செட்டில் டிரம்பெட் ஊதுவதை நிறுத்தியிருந்தாய். முன்பல் இரண்டு போன பிறகு உதடு நிற்கவில்லை, மூச்சும் இழுத்தது. மாதா கோயில் திருவிழா வந்தால், பேண்டு கண்ணில் படாதபடி நாற்காலியைப் பின்பக்கமாகத் திருப்பிப் போட்டு உட்கார்ந்திருந்தாய். அப்பாவுக்குப் பொழுது போகட்டும், சார் மாமா வாசித்துக் கொடுக்கட்டும் என்று அவள் எழுதியிருந்தாள். பெட்டியில் ஐந்து கிராஃபிக் நாவல்கள். கெட்டி அட்டை, வழவழத்த தாள், முழுக்கப் படம். ஒன்று போர். ஒன்று அமெரிக்கக் கறுப்பர்களின் ஜாஸ் இசை. ஒன்று வேறொரு கிரகத்துக்குப் புறப்பட்டவர்களின் அறிவியல் கதை. மீதி இரண்டும் கடல் சாகசம்.

"பேரப்பிள்ள எடுக்குற வயசுல படப்பொஸ்தகமா?" என்றாள் பிலோமினா.

"ஏட்டி, நம்ம கோயில் சொவரு பூரா படந்தான. அத யாரு சின்னப்பிள்ளைக்குன்னு வரைஞ்சா?" என்றாய். கேலி செய்த அவளே பிறகு அந்தப் புத்தகங்களுக்குப் பசை காய்ச்சினாள்.

முதலில் நான் சத்தமாக வாசித்துச் சொன்னேன். உனக்குப் பிடிக்கவில்லை. "நீ வாசிச்சா பிரசங்கம் மாதிரி இருக்கு சாரே. எனக்க வேகத்துல நான் பாக்கணும்." உனக்கு ஆங்கிலம் தெரியாது, தமிழ் நன்றாக வாசிப்பாய். எனவே பாத்திரங்களின் வாயருகே இருக்கும் வெள்ளைக் குமிழிகளின் அளவுக்குக் காகிதம் வெட்டி, அதில் தமிழை எழுதி, மேலே ஒட்டுவது என்று முடிவானது. வெட்டுவது நீ, எழுதுவது நான், பசை அவள். தமிழ் எப்போதும் குமிழிக்கு வெளியே வழிந்தது. சுருக்கினேன். சுருக்கப் பழகியவன் கை மெல்ல மாற்றவும் பழகிவிடும் என்பதை அப்போது நான் யோசிக்கவில்லை.

நீ புத்தகத்தை வாசித்ததே வேறு மாதிரி. கடல் கதையின் முதல் பக்கத்திலேயே நின்றுவிட்டாய். புயலில் போகும் பாய்க்கப்பல். பார்க்க எனக்கு மலைப்பாக இருந்தது.

"பாயி கெழக்க பொடைக்குது. கொடி மேக்க பறக்குது. இந்தக் கடல்ல எத்தன காத்துலே?"

அதற்குப் பிறகு அந்தக் கப்பல் கரை சேரும் என்று நீ நம்பவேயில்லை. விண்வெளிக் கதையில் அறுபது பக்கம் தாண்டி ஒரே கேள்வி: "எல்லா ரூமும் காட்டிட்டான். கக்கூசு எங்க?" நானும் தேடினேன். கடைசி வரை இல்லை.

ஆனால் போர்ப் புத்தகத்தில் நீ சிரிக்கவில்லை. நடுவில் எட்டுப் பக்கம் ஒரு சொல்கூடக் கிடையாது. கதை விட்டுப்போகுமே என்று நான் ஒவ்வொரு படத்தின் கீழும் விளக்கம் எழுதி ஒட்டியிருந்தேன். வாத்தியார் புத்தி. நீ ஒவ்வொன்றாக உரித்தாய்.

"இது எதுக்கு?"

"கதை விளங்கணும்லா."

"விளங்காதது ஒனக்குத்தான். இங்க பாரு. இவன் பூட்ச கழத்தித் தண்ணியக் கொட்டுகான். அடுத்த படத்துல ரெண்டு சோடி பூட்சு இருக்கு. ஆளு ஒருத்தன்தான். மத்தது ஆருக்கது?"

அந்த இரண்டாவது சோடியை நான் பார்க்கவே இல்லை. எழுத்து இல்லாத பக்கம் என்று பத்து நொடியில் புரட்டியிருந்தேன். வரைபடத்தைக் கையில் கொடுத்தால் முதலில் ஊர்ப்பெயரைத் தேடுகிற மாணவன் உண்டு, முதலில் ஆறு எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்க்கிற மாணவன் உண்டு. நான் முதல் வகை என்று அறுபத்தைந்து வயதில் தெரிந்துகொண்டேன்.

ஜாஸ் புத்தகம் உன் புத்தகம். முதல் காட்சியே ஒரு சவ ஊர்வலம். பெட்டிக்கு முன்னால் பேண்டு வாசித்துக்கொண்டு போகிறார்கள். "நம்ம அடக்கம்லா இது!" என்று பிலோமினாவைக் கூப்பிட்டுக் காட்டினாய். கதாநாயகன் டிரம்பெட்காரன். அவன் விரல்கள் எந்தக் கட்டையை அழுத்தியிருக்கின்றன என்று ஒவ்வொரு படமாகப் பார்த்து, மேசை விளிம்பில் உன் விரல்களை வைத்து, மெதுவாக முனகினாய். ஒரே விரலடிக்கு நாலு சுரம் உண்டாமே. எந்தச் சுரம் என்று உதடுதான் சொல்லுமாமே. அதனால் நீ அவன் உதட்டையும் பார்த்தாய். "வரைஞ்சவன் ஊதத் தெரிஞ்சவன்" என்றாய். அன்று சாயங்காலம் வரை அந்த முனகல் நிற்கவில்லை.

அந்தப் புத்தகம் பாதியில் இருக்கும்போதுதான் உனக்கு இருமலில் ரத்தம் வந்தது. நாகர்கோவிலில் டாக்டர் என்னையும் பிலோமினாவையும் மட்டும் உள்ளே கூப்பிட்டார். நுரையீரல், முற்றிவிட்டது, மாதக் கணக்குதான் என்றார். வெளியே வந்ததும் ஷைனியிடம் போனில் பேசினோம். மூன்று பேரும் சேர்ந்து முடிவெடுத்தோம்: உனக்குத் தெரிய வேண்டாம். நெஞ்சில் நீர் கோத்திருக்கிறது, மாத்திரையில் வற்றிவிடும். இந்த ஊரில் எத்தனை வீட்டில் இப்படிச் சொல்லியிருக்கிறார்கள்! அன்பில்லாமல் யாரும் சொல்வதில்லை.

ஆனால் அந்த ஜாஸ்காரனின் கதை எங்கே போகிறது என்று எனக்குத் தெரியாது. முன்கூட்டிப் படித்தேன். அவனுக்கும் நுரையீரல். டாக்டர் அவனிடம் சொல்கிறார். நான் பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு மத்தியானம் முழுக்க உட்கார்ந்திருந்தேன். கடைசியில் டாக்டரின் குமிழியில் எழுதினேன்: "இரண்டு வாரம் ஓய்வு. பிறகு பழையபடி ஊதலாம்."

நீ அந்தப் பக்கத்தில் வெகுநேரம் இருந்தாய். நான் ஜன்னல் திட்டில் இருந்த மருந்துகளை அடுக்கிக்கொண்டிருந்தேன்.

"சாரே, இங்க வா. ரெண்டு வாரத்துல சரியாவும்னு டாக்டரு சொன்னா, இந்தப் பாவி ஏன் படியில இருந்துட்டு தொப்பியக் கையில வச்சிருக்கான்? தலையில வைக்காண்டாமா?"

"வெயில் இல்லையாயிருக்கும்."

"மழை பெய்யுதுலே படத்துல."

கையிலிருந்த மருந்துப் பாட்டிலின் மூடியைத் திருகினேன்.

"அவனுக்க பொண்டாட்டி ஜன்னலப் பாத்துட்டு நிக்கா. பிலோமியும் ஒரு மாசமா அப்பிடித்தான் நிக்கா. நீ எனக்கும் பேப்பரு ஒட்டியிருக்கியா?"

ஒட்டியிருக்கிறேன் என்றேன். பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். நீ வெந்நீரில் துணியை நனைத்து, நான் ஒட்டிய துண்டை ஓரத்திலிருந்து மெதுவாக உரித்தாய். "சரியான வார்த்தைய எழுது" என்றாய். எழுதினேன். நீயே ஒட்டினாய்.

அடுத்த சொல்தான் இந்தக் கடிதத்துக்குக் காரணம். "பிலோமிக்குத் தெரியாண்டாம். நான் தெரியாம இருக்கேன்னு நெனச்சாத்தான் அவ சோறு தின்னுவா. சத்தியம் பண்ணு." பண்ணினேன்.

பத்து நாள் கழித்து, மைதா வாங்கப் போகிறோம் என்று அவளிடம் சொல்லிவிட்டு, என் ஸ்கூட்டரில் கருங்கல் ஊரைத் தாண்டி ஒரு கோயிலுக்குப் போனோம். உங்கள் பங்குக் கோயிலுக்கே போனால் செய்தி உனக்கு முன்னால் வீடு சேர்ந்துவிடும் என்றாய். நான் புராட்டஸ்டண்ட் சபைக்காரன். சாமியாரிடம் பாவங்களைச் சொல்லும் பாவசங்கீர்த்தனம் எவ்வளவு நேரம் பிடிக்கும் என்று எனக்குத் தெரியாது. பக்கவாசலில் நின்று கால் வலித்தது. முடிந்த பிறகு உன்னை முன்வரிசையில் உட்கார வைத்து, சாமியார் சிறிய சிமிழைத் திறந்து சாவுக்கு முன் உங்களவர்களுக்குப் பூசும் எண்ணெயை உன் நெற்றியிலும் இரண்டு உள்ளங்கையிலும் பூசினார். டிரம்பெட் பிடித்த கைகளை நீ அப்படி மலர்த்தி வைத்து நான் பார்த்ததில்லை.

"என்னலே இவ்வளவு நேரம்?" என்றேன் வெளியே வந்ததும்.

"அறுவது வருசத்துச் சரக்குலா. ஒன்னப் பத்தியும் ஒண்ணு சொன்னேன், கள்ள மொழிபெயர்ப்பு பண்ணினத."

"அது எனக்க பாவம். நீ ஏன் சொன்ன?"

"நீங்க சபைக்காரங்க சொல்ல மாட்டியளே. அதான் சேத்துச் சொன்னேன்."

திரும்பும் வழியெல்லாம் என் முதுகுக்குப் பின்னால் நீ அந்த ஜாஸ்காரனின் பாட்டை முனகிக்கொண்டு வந்தாய். மைதா வாங்க மறந்துபோனோம். பிலோமினா இருவரையும் திட்டினாள்.

இரண்டு மாதம் நீ தெரியாதவனாக இருந்தாய். அவளும் தெரியாதவளாக இருந்தாள். ஒருநாள் விடியற்காலையில் மூச்சு இழுத்தது. பயந்துபோய் அவள் சாமியாருக்கு ஆள் அனுப்பினாள். அவர் வருமுன் நீ போய்விட்டாய்.

இனி நீ அறியாதது. அடக்கம் முடிந்த பிறகு பிலோமினா ஞாயிறு தவறாமல் கோயிலுக்குப் போனாள். ஆனால் பூசையில் சாமியார் நாக்கில் வைக்கும் அப்பத்தை, அந்த நன்மையை, வாங்க எழுந்திருக்கவில்லை. எல்லோரும் வரிசையில் போக, அவள் பெஞ்சிலேயே இருந்தாள். ஷைனி எனக்குப் போன் செய்தாள். "மாமா, அம்மா நன்மைக்குப் போறதில்லையாம். பக்கத்து வீட்டு அக்கா சொன்னாவ. கேட்டா காரணம் சொல்ல மாட்டேங்கா." அது இரண்டாவது மாதம். எனக்குக் காரணம் அப்போதே புரிந்தது. வாக்கு இருக்கிறதே என்று பேசாமல் இருந்தேன். நாளாக நாளாக அவள் மெலிந்துகொண்டு வந்தாள்.

மூன்று வாரத்துக்கு முன் ஒரு மத்தியானம் போனேன். புறவாசலில் சாளை மீன் கழுவிக்கொண்டிருந்தாள்.

"வாரும் சாரே. இரியும்."

"நன்மைக்குப் போறதில்லைன்னு ஷைனி வெசனப்படுகா."

"அவ எங்க இருந்தாலும் எனக்க காரியந்தான் பாப்பா." கத்தியை எடுத்து ஒரு மீனின் செதிலை உரசினாள். "சாவப்போற மனுசன்கிட்ட தெனமும் பொய் சொன்னேன் சாரே. முன்னமே சாமியாரக் கூப்பிட்டா பயந்துருவாருன்னு கூப்பிடல. எண்ணெ பூசாம, ஒரு பாவசங்கீர்த்தனம் இல்லாம அனுப்பிட்டேன். சாமியாருகிட்ட சொன்னேன், அவரு மன்னிச்சாரு. ஆனா அனுப்பி வச்சது நானில்லியா? எந்த மொகத்தோட நாக்க நீட்டுவேன்?"

"அவனுக்குத் தெரியும், பிலோமினா."

கத்தி நின்றது. சொன்னேன். படியில் இருந்தவன், தொப்பி, ஸ்கூட்டர், கோயில், எல்லாம்.

"எண்ணெ பூசினாரா? நீரு பாத்தீரா?"

"நெத்தியில. ரெண்டு கையிலயும். நான் பக்கவாசல்ல நின்னேன்."

"அன்னைக்கு அவருக்க கையில எண்ணெ மணத்துது. ஸ்கூட்டர உருட்டினேன், அதுல பட்டுதுன்னாரு. இருமிட்டுக் கெடக்குற தீனக்காரன ஸ்கூட்டரு உருட்ட வச்சிருக்காரேன்னு ஒம்மத் திட்டினேன்." சிரித்தாள். சிரிப்பு அப்படியே அழுகையாகப் போனது. செதில் ஒட்டிய கையால் முகத்தைத் துடைக்க முடியாமல் தோளில் துடைத்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"எட்டு மாசம் நான் பெஞ்சுல இருந்தேன். நீரு தெரிஞ்சிட்டா இருந்தீரு?"

"வாக்குக் குடுத்திருந்தேன்."

"செத்தவருக்குக் குடுத்த வாக்கு பெருசு. உயிரோட கெடக்குறவ சின்னது. அப்பிடித்தான?"

மீன்சட்டியை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

அடுத்த ஞாயிறு எங்கள் ஆராதனைக்குப் போகாமல் உங்கள் கோயில் வாசலில் ஸ்கூட்டரை நிறுத்திக்கொண்டு நின்றேன். வரிசை தொடங்கியது. அவள் இருந்த பெஞ்சில் எல்லோரும் எழுந்து போனார்கள். அவள் சற்று நேரம் இருந்தாள். பிறகு முக்காட்டைச் சரிசெய்துகொண்டு எழுந்தாள். பூசை முடிந்து என்னைக் கடந்து போனாள். முகத்தில் கோபம் அப்படியே இருந்தது. நடை மட்டும் இலேசாக இருந்தது. இன்றுவரை என்னை "இரியும்" என்று அவள் மறுபடி உட்காரச் சொல்லவில்லை.

வாக்கை மீறியதற்கு உன்னிடம் மன்னிப்புக் கேட்கப்போவதில்லை. மீறியது சரி. இரண்டாவது மாதமே தெரிந்தும் மேலும் ஆறு மாதம் அதைக் காப்பாற்றினேனே, அதுதான் என்னிடம் கிடக்கிறது. உன் சொல்லைக் காக்கிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மையில் அவள் என்னைத் திட்டுவாள் என்ற பயம், வேறொன்றும் இல்லை. எங்கள் சபையில் இதைப் போய்ச் சொல்ல ஓர் ஆள் கிடையாது. அதனால் உன்னிடம் சொல்கிறேன்.