நன்றாகப் பொய் சொன்னேனாம்

ஓசூர்,
வெள்ளிக்கிழமை.

அன்புள்ள அப்பாவுக்கு ஜெனியின் தோத்திரம். கால் வீக்கம் வடிந்ததா? போனில் உங்களுக்குப் பாதிதான் கேட்கிறது, அதனால் எழுதுகிறேன். நான் சுகம்தான்.

இங்கே ஒரு கூத்து. கம்பெனியைச் சோதிக்க வெளிநாட்டிலிருந்து ஆட்கள் வந்தார்கள். எங்களை வேலைக்குச் சேர்த்துவிட்ட மதுரை ஏஜெண்ட் சூரியபிரகாஷ் முந்தின நாளே வந்து, "யாரு கேட்டாலும் நாலு வருஷமா இங்கனதான் இருக்கேன்னு சொல்லுங்க. காண்ட்ராக்ட்ங்கிற பேச்சே வரக்கூடாது" என்றார். வந்தவர்களில் ஒரு அம்மா என்னிடமே கேட்டார். நாலு வருஷம் என்றேன்.

அவர்கள் போனதும், "அம்புட்டுப் பொய்யையும் முகம் மாறாமச் சொல்லிட்டியே தாயி!" என்று சூரியபிரகாஷ் சிரித்தார்.

நான் வந்து நிஜமாகவே நாலு வருஷம்தானே அப்பா? ஒவ்வொரு வருஷமும் நிறைவதற்குள் நிறுத்தி, ஒரு வாரம் சும்மா உட்காரவைத்து, புது ஆளென்று மறுபடி சேர்ப்பதே இந்த மனுஷன்தான். ச்சீ, இவர்களும் இவர்கள் சிரிப்பும்.

மாட்டுத்தாவணியில் ஓசூர் பஸ்ஸில் பருப்புப்பொடி கொடுத்துவிடுங்கள். அம்மாவின் பழைய சேலை ஒன்றும் வையுங்கள், போர்த்திக்கொள்ளத்தான்.

கம்பெனி பஸ் ஹாரன் அடிக்கிறது. கிறிஸ்துமஸுக்கு என்னை எதிர்பார்க்காதீர்கள். புது ஆளுக்கு லீவு கிடையாதாம்.

உங்கள் ஜெனி