படலில் போட்ட முடிச்சு

அக்கா,

அன்றைக்கு நம் மாடுகள் மேயும் கொறங்காட்டுப் படலுக்கு முன்னால் நின்றவர்களை இப்போதும் வரிசை மாறாமல் சொல்வேன். இடுப்பில் கை வைத்தபடி நீங்கள். எப்போதும் போல உங்களுக்கு ஓரடி பின்னால் உங்கள் வீட்டுக்காரர். வாயில் வேப்பங்குச்சியோடு என் மகன் சிவகுமார். தோளில் துண்டோடு உங்கள் கொழுந்தனார், அதாவது எனக்கு வாய்த்தவர். பால் சொம்போடு நான். படலுக்கு உள்ளே மயிலை, செவலை, காரி, இன்னும் இரண்டு கிடாரிகள். அத்தனை பேரில் சந்தோஷமாக இருந்தவை அந்த ஐந்தும்தான். வாய் நிறையப் புல்.

இதை இன்றைக்கு உட்கார்ந்து எழுதக் காரணம் என் மடியில் கிடக்கிறது. ஒரு முழம் பனியன் துணி, கட்டிங் வேஸ்ட், நீல நிறம். நடுவில் ஒரு முடிச்சு. நேற்றுப் படலிலிருந்து முடிச்சு அவிழாமல் கத்தரித்து எடுத்து வந்தேன். நீங்கள் இருந்திருந்தால் உங்கள் முகத்துக்கு நேராக நீட்டியிருப்பேன். நீங்கள் போய் மூன்று ஆடி ஆகிவிட்டதால் எழுத வேண்டியிருக்கிறது.

அந்த வருசத்துக்கு முந்தைய இரண்டு வருசமும் மழை இல்லை. மாமனாரின் தாத்தா கிளுவைக் குச்சி நட்டு வேலி போட்ட காடு அது. யாரும் உழுததில்லை, விதைத்ததில்லை. மழைக்குக் கொழுக்கட்டைப் புல் தானாக எழும். மாடு மேயும், வெள்வேல மரத்தடியில் படுக்கும், சாணி போடும். அந்தச் சாணியில் அடுத்த புல் எழும். அப்படி நாலு தலைமுறை ஓடிய காடு, வெறும் மண்ணாகக் கிடந்தது. சிவகுமார் வந்து நின்றான். “பெரிம்மா, சும்மா கெடக்கற எடந்தானுங்க. நிட்டிங் ஷெட்டுப் போட்டா பத்து மெஷின் ஓடும்.”

நீங்கள் கோபப்படவில்லை. “கண்ணு, இந்த மழைக்கு ஒரு தடவ புல்லு வெதை உதிரட்டும். தைக்குள்ள உதிரலீன்னா உன்ற மெஷினுக்கு நானே ஆரத்தி எடுத்து எறக்கி உடறன்” என்றீர்கள். அவனும் சரி என்றான்.

புரட்டாசியில் மழை வந்தது. மண்ணுக்குள் மிச்சமிருந்த வேரும் விதையும் எங்கிருந்தோ முழித்துக்கொண்டு, கார்த்திகையில் புல் முழங்கால் உயரம் நின்று பூவெடுத்தது. நீங்கள் படலைச் சாத்திச் சிவப்புப் பனியன் துண்டால் கட்டி, விதை உதிரும் வரை ஒரு மாடும் உள்ளே போகக் கூடாது என்றீர்கள். மாடுகள் வெளியே நின்று காய்ந்த சோளத்தட்டைக் கடித்துக்கொண்டு வேலிக்கு மேலே எட்டிப் பார்த்தன. எனக்குப் பொறுக்கவில்லை.

“மாடு பட்டினி கெடக்குது, நீங்க புல்லு பூத்துருக்கறத அழகு பாத்துட்டு நிக்கறீங்களாக்கா?” என்று கேட்டேன். கேட்டது உண்மை. மறுக்கவில்லை.

மூன்றாம் நாள் விடிந்தபோது ஐந்து மாடும் காட்டுக்குள் நின்றன. படல் கட்டியபடியே இருந்தது. மாடு படலைத் திறந்து உள்ளே போகும், சரி. திரும்பிக் கட்டியும் வைக்குமா? நீங்கள் குனிந்து முடிச்சைப் பார்த்தீர்கள். நானும் பார்த்தேன். நீங்கள் ஒற்றைச் சுருக்குப் போடுவீர்கள். படலிலோ இரண்டு சுற்றுச் சுற்றி, நுனியைக் கீழ்ப்பக்கமாக உள்ளே செருகியிருந்தது.

“இது வெளியாள் வேல இல்ல” என்று நிமிர்ந்து என்னைப் பார்த்தீர்கள்.

“நானில்லீங்க்கா.”

“நான் உம்பேரச் சொன்னனா?”

சிவகுமார் குச்சியைத் துப்பிவிட்டுச் சிரித்தான். “விடுங்க பெரிம்மா, மாடே எனக்கு ஓட்டுப் போட்டுருச்சு!” உங்கள் வீட்டுக்காரரும் சிரித்துவிட்டு உங்களைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். உங்கள் கொழுந்தனார் கிணற்று மோட்டாரைப் பார்க்க வேண்டுமென்று போய்விட்டார்.

ஒரு மூலையை மட்டும் மேய்ந்திருந்த மாடுகளை வெளியே ஓட்டிப் படலை மறுபடி கட்டினீர்கள். அன்றிலிருந்து நீங்கள் என்னோடு பேசவில்லை. ஒரே அடுப்பில் சமைத்தோம். என்னிடம் கேட்க வேண்டியதை எல்லாம் மயிலையிடம் கேட்டீர்கள். “மயிலை, கூழுக்கு உப்புப் போட்டாளான்னு கேளு.” நானும் விடவில்லை. “மயிலை, நாக்கு இருந்தா ருசி பாக்கச் சொல்லு.” பாவம் அந்த மாடு, இரண்டு பக்கமும் தலையைத் திருப்பித் திருப்பியே கழுத்து வலித்திருக்கும்.

பட்டிப் பொங்கலன்று காட்டுக்குள் போனோம். புல் எல்லாம் விதையை உதிர்த்துவிட்டுத் தலை சாய்ந்து கிடந்தது. சிவகுமார் ஒரு கை மண்ணை அள்ளி ஊதிப் பார்த்தான். உள்ளங்கை முழுக்க விதை. “சரிங்க பெரிம்மா, நான் வாடகை ஷெட்டே பாத்துக்கறன்” என்றான். அவனும் உங்கள் வளர்ப்புதானே, சொன்ன சொல் மாறவில்லை.

மாடுகள் மேய்ந்து மிதித்த மூலைக்கு நீங்கள் தனியாகப் போய் முட்டி போட்டு உட்கார்ந்தீர்கள். மற்ற இடத்தைவிட அங்கே தூர் கனத்திருந்தது. கார்த்திகைக் கடைசி மழையில், சாணி கிடந்த இடமெல்லாம் பச்சை முளை. வெகு நேரம் பார்த்துவிட்டு, “மயிலை, அவ தொறந்ததும் நல்லதுக்குத்தான்னு சொல்லு” என்றீர்கள்.

“மயிலை, நான் தொறக்கவே இல்லீன்னு சொல்லு.”

“இன்னும் ஒத்துக்க மாட்டீங்கறா பாரு!” என்று என்னைப் பார்த்தே சிரித்தீர்கள். நானும் சிரித்துவிட்டேன். செய்யாத குற்றத்துக்கு மன்னிப்பு வாங்கியவள் இந்தக் கொங்கு நாட்டிலேயே நான் ஒருத்திதான். பக்கத்தில் செவலையின் கொம்புக்கு நீலம் தீட்டிக்கொண்டிருந்த உங்கள் கொழுந்தனார் தலையைத் தூக்கவே இல்லை.

அவர் பெயரை நான் ஒரு நாளும் சொன்னதில்லை என்பது உங்களுக்குத் தெரியும். ரேஷன் கடையில் கேட்டால் நீங்கள்தான் சொல்வீர்கள். “ஒரு நாளைக்குக் கோவத்துலயாவது சொல்லுவ, நான் கேக்கத்தான் போறன்” என்பீர்கள்.

அதன் பிறகு காட்டை மூன்றாகத் தடுத்தீர்கள். ஒன்றில் அரை நாள் மேய்ச்சல், பிறகு சாத்திவிட்டு அடுத்தது. இன்றைக்கும் அப்படித்தான். சிவகுமாரிடம் பனியன் வாங்க வருகிற வெள்ளைக்காரர்களைக் கூட்டி வந்து காட்டைக் காட்டுகிறான். ரீஜெனரேட்டிவ் என்று அதற்கு இங்கிலீஷில் பெயராம். மயிலையின் பேத்தியோடு போட்டோ எடுத்துக்கொள்கிறார்கள். அது ஒருத்தியின் தொப்பியைத் தின்றுவிட்டது.

நேற்று, முதலாவது தடுப்பில் மேய்ச்சல் முடிந்து படலைச் சாத்தினேன். எனக்கு மணிக்கட்டு வீங்கியிருக்கிறது. “ஏனுங்க, இதைக் கட்டுங்க” என்றேன். இத்தனை வருசத்தில் அவர் என் கண் முன்னால் படல் கட்டியதே இல்லை. அது நேற்றுத்தான் எனக்கு உறைத்தது. ஏதோ யோசனையில் கட்டினார். இரண்டு சுற்று. நுனி கீழ்ப்பக்கமாக உள்ளே.

“ஏனுங்க. அன்னைக்கு அது நீங்களா?”

எந்த அன்றைக்கு என்று கேட்கவில்லை, அக்கா. பொக்கை வாயைத் திறந்து சிரித்தார். “செவலை செனையா இருந்துச்சு. அது பார்த்த பார்வை தாங்கல. அத மட்டும் உள்ள உடலாம்னு தொறந்தன், மத்ததும் முட்டிட்டுப் பூந்துருச்சு. பயத்துல கட்டிப்போட்டு வந்துட்டன்.”

“அப்பவே சொல்றதுக்கு என்ன?”

“அண்ணிகிட்ட யாரு வாங்கிக் கட்டிக்கறது? நீயின்னா கொஞ்ச நாள்ல சமாதானம் ஆயிருவாங்கன்னு பார்த்தன்.”

உங்களை நான் எப்போதோ மன்னித்துவிட்டேன். ஓட்டுப் போட்ட கதை சொல்லிச் சிரித்த மகனையும், தொப்பியைத் தின்ற மாட்டையும்கூட மன்னித்தாயிற்று. இந்த முடிச்சை மட்டும் அவிழ்க்க மாட்டேன். என் பெட்டியில், உங்கள் கண்டாங்கிச் சேலைக்கு மேலே வைக்கப் போகிறேன்.

அக்கா, அது நானில்லை. கோபத்தில் சொல்வேன் என்றீர்களே, வாசலில் உட்கார்ந்திருப்பவருக்கும் கேட்கும்படி வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே எழுதுகிறேன், கேட்டுக்கொள்ளுங்கள். நான் மன்னிக்கவே போகாத ஒரே ஆள்:

நாச்சிமுத்து.