கதவருகே நிற்க வேண்டியவன்

வண்டன்மேடு,
ஐப்பசி மாதம், 1931.

என் மகன் சிரஞ்சீவி மொக்கையன் நோய்நொடி இல்லாமல் நெடுநாள் வாழ வேண்டி உன் அப்பா எழுதுவது. நாங்கள் உயிரோடு இருக்கிறோம், சுகம் என்று எழுதக் கை வரவில்லை. கொழும்பில் நீ வேளைக்குச் சாப்பிட்டு நல்லபடியாக இருப்பாய் என்று நம்புகிறேன். இங்கே மழை விட்டபாடில்லை, செவலை மாடு முன்னங்காலை ஊன்ற மாட்டேன் என்கிறது, உன் அம்மாவுக்கு இருமல் நிற்கவில்லை. இதையெல்லாம் எழுதுவது சொல்ல வேண்டியதைத் தள்ளிப்போடத்தான். உன் மாமா பெரியமுத்து போய்விட்டார். அம்மாவுக்கு இருந்த ஒரே அண்ணன் அவர்தான்.

ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோர் அறையில் காய் காயும்போது அடுப்பைப் பார்த்துக்கொண்டே வாசலில் மூணு சீட்டு ஆடுவோமே, நீயும் ஆடியவன்தான். தட்டுகளில் காயைக் கிளறிவிட ஒருவர் உள்ளே போனால், சூடு வெளியேறாமல் கதவை வெளியே தாழிட்டு இன்னொருவன் அங்கேயே நிற்க வேண்டும். முறை வந்தவன் கையில் எந்தச் சீட்டு இருந்தாலும் கவிழ்த்துப் போட்டுவிட்டு எழுந்துவிட வேண்டும், அந்த ஆட்டம் அவனுக்குப் போனதுதான். அன்று பகலில் நான் அரிசி வாங்க மலையிலிருந்து கம்பத்துக்கு இறங்கியிருந்தேன். மாமா உள்ளே போயிருக்கிறார், கதவுக்கு உன் தம்பி சுடலையின் முறை. காலையிலிருந்து தோற்றுக்கொண்டே இருந்தவனுக்கு அப்போதுதான் நல்ல சீட்டு வந்திருக்கிறது. தாழைப் போட்டுவிட்டு, சீட்டைக் கவிழ்க்காமல் திரும்ப வந்து உட்கார்ந்துவிட்டான். கூட ஆடிய சந்தனம் கதவுக்குப் போடா என்று சொல்லியும், இந்த ஒரு கை முடியவும் போறேன் என்றானாம். உள்ளே அடுப்பின் புகைக்குழாய் மூட்டு விட்டுப்போய் அறை முழுக்கப் புகை. தகரக் கூரையில் மழை அடித்த அடியில் மாமா கதவைத் தட்டியது ஒருவர் காதிலும் விழவில்லை. கை முடிந்து சுடலை போய்த் திறந்தபோது கதவடியில் விழுந்து கிடந்திருக்கிறார். கம்பளியில் சுற்றிக் கம்பத்து ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு இறங்கியிருக்கிறார்கள், நான் அரிசியோடு ஏறி வருகிறேன், பாதி வழியில் எதிரே பார்த்தேன், அப்போதே மூச்சு இல்லை.

உன் கடிதம் அதற்கு மறுநாள் வந்தது. துறைமுகத்துக் கிளார்க்குகளோடு காசு வைத்துப் போக்கர் சீட்டு ஆடுவதாகவும், சனிக்கிழமை உட்கார்ந்தால் ஞாயிறு பொழுது சாய்ந்துதான் எழுந்திருப்பதாகவும், விட்டதைப் பிடித்த பிறகுதான் ஊருக்கு வருவேன் என்றும் எழுதியிருந்தாய். சீட்டையே தொடாதே என்று நான் எழுதினால் நீ சிரிப்பாய், நானும் ஆடுகிறவன்தான். ஆனால் இங்கே எங்களை எழுப்ப ஒரு அடுப்பு இருந்தது, அது இருந்தும் இப்படி ஆயிற்று. அங்கே உன்னை யார் எழுப்புவார்கள்? தோற்கிறவனும் எழுந்திருக்க மாட்டான், ஜெயிக்கிறவனும் எழுந்திருக்க மாட்டான். உட்காரும் முன்பே எப்போது எழுந்திருப்பது என்று முடிவு செய்துகொள், வெறும் வயிற்றோடு உட்காராதே, கோபம் ஏறினால் எழுந்து போய் முகத்தைக் கழுவு, ஆடாத ஒருவனிடம் என்னைக் கூப்பிடு என்று சொல்லி வை, அவன் கூப்பிட்டதும் கையிலிருப்பதைப் போட்டுவிட்டு வந்துவிடு. விட்டது போகட்டும் மகனே. தை பிறப்பதற்குள் நீ வீட்டுக்கு வந்தால் போதும்.

சுடலை சோற்றை எடுத்துக்கொண்டு போய் ஸ்டோர் கதவருகே வைத்துக்கொண்டு நிற்கிறான், உட்காரச் சொன்னால் உட்காருவதில்லை. அவனைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. நீ அவனுக்குத் தனியாக இரண்டு வரி எழுது, அண்ணன் சொன்னால் கேட்பான்.

குலசாமி உன்னைக் கைவிடாது, அம்மாவின் ஆசீர்வாதமும் என் ஆசீர்வாதமும் உனக்கு எப்போதும் உண்டு. ஒன்றை மட்டும் மறந்துவிடாதே. உன் கடிதங்களை அம்மா பக்கத்து வீட்டில் கொடுத்துப் படிக்கச் சொல்லிக் கேட்கிறாள். மாமா உள்ளே இருந்தபோது ஆடிய அந்தக் கையில் சுடலைதான் ஜெயித்தான் என்று சந்தனம் என்னிடம் சொன்னான். அது அம்மாவுக்குத் தெரியாது, எந்தக் கடிதத்திலும் எழுதிவிடாதே.

இப்படிக்கு,
உன் அப்பா