ரெண்டு மைனரும் ஒரு மேஜரும்

காரைக்குடி
18.3.72

அன்பு மகன் பூமிநாதனுக்கு அம்மா எழுதுவது. இங்கே நான், அப்பா, மீனாள் மூவரும் சுகம், பம்பாயில் நீயும் வேளாவேளைக்குச் சாப்பிட்டுச் சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன். போன லீவில் தங்கச்சிக்குச் சொல்லிக்கொடுத்து இங்கேயே வைத்துவிட்டுப் போன கிடாரைப் பார்சலில் அனுப்பச் சொல்லியிருந்தாயே, அது வராது. அந்தக் கிடாரால் இந்த வீட்டில் ஒரு கல்யாணமே நின்றுபோகப் பார்த்தது தெரியுமா?

போன வெள்ளிக்கிழமை தேவகோட்டையிலிருந்து மீனாளைப் பெண் பார்க்க வந்தார்கள். பையன் கணக்கு வாத்தியார், தங்கமான குணம். ஏற்கெனவே கைக்கு வந்த இடமெல்லாம் தட்டிப்போனது உனக்குத் தெரியும், இதுவாவது அமைய வேண்டுமே என்று வேண்டிக்கொண்டே இருந்தேன். பையனின் அம்மா அக்கம்மாள் காபியை வாங்கிக்கொண்டு, படிப்பு முடிஞ்ச பெறகு பொழுது எப்படித் தாயி போகுதுன்னு ஆசையாகத்தான் கேட்டார்கள். உன் தங்கச்சி தலையைக் குனிந்துகொண்டு, அண்ணன் ஊருக்குப் போனதுலேருந்து ஏ மைனர் நல்லாப் பழகிட்டேன், இ மைனரும் பழகியாச்சு, எஃப் மேஜர்தான் பிடிபட மாட்டேங்குதுன்னு சொல்கிறாள். நீ சொல்லிக்கொடுத்த கிடார் சுரங்களைத்தான் சொல்கிறாள், ஆனால் கிடார் என்ற வார்த்தை மட்டும் அவள் வாயில் வரவில்லை. நம்ம பக்கம் மைனர் என்றால் யார், சில்க் ஜிப்பாவும் புலிநகச் சங்கிலியுமாக பஸ் ஸ்டாண்டில் நிற்கிறவன்தானே. அக்கம்மாள் டம்ளரை அப்படியே கீழே வைத்துவிட்டார்கள். ஒரு பொண்ணுக்கு ரெண்டு மைனரா, பத்தாததுக்குப் பட்டாளத்து ஆளு வேறயான்னு அவர்கள் முகமே கேட்டது. அப்பா மலங்க மலங்க விழிக்கிறார், மீனாளுக்கு அழுகை முட்டுகிறது. நான் விடுவேனா, உள்ளே போய்க் கிடாரை எடுத்து வந்து பட்டுப்புடவையோடு மடியில் வைத்துக்கொண்டேன். அவள் பழகும்போது பக்கத்தில் உட்கார்ந்து கீரை ஆய்ந்தவளுக்கு இதுகூடத் தெரியாதா? அக்கம்மாளைப் பார்த்து, கம்பியை மெல்லிசிலிருந்து எண்ணணும், ஆள்காட்டி விரலை ரெண்டாங் கம்பியில முதல் கட்டத்துல வைங்க, நடுவிரல் நாலாங் கம்பியிலயும் மோதிர விரல் மூணாங் கம்பியிலயும் ரெண்டாங் கட்டத்துல உக்காரும், இவருதான் ஏ மைனர், கேக்கிறதுக்கு அழுமூஞ்சி. மூணு விரலையும் அப்படியே ஒரு கம்பி மேல தள்ளுனா இ மேஜர், சிரிச்ச மூஞ்சி. அதுல ஆள்காட்டி விரலை மட்டும் எடுத்துட்டா இ மைனர், திரும்ப அழுகைதான் என்று மூச்சுவிடாமல் சொல்லி ஒரு மீட்டு மீட்டினேன். முதல் கம்பி டொய்ங்கென்று அறுந்தது. ஒருத்தரும் சிரிக்கவில்லை. சொல்லி அனுப்புறோம்னு எழுந்து பஸ்ஸைப் பிடிக்கப் போய்விட்டார்கள்.

அதன்பிறகு மீனாள் கிடார் பக்கமே போகவில்லை, சரியாகச் சாப்பிடவும் இல்லை. வெளியில் அவளைத் திட்டினேன், உள்ளே போய் அம்மனுக்கு மஞ்சள் துணியில் காசு முடிந்து வைத்தேன். நேற்றுத்தான் தேவகோட்டையிலிருந்து ஆள் வந்தது. அக்கம்மாள் பஸ்ஸில் ஊர் போய்ச் சேரும்வரை நினைத்து நினைத்துச் சிரித்தார்களாம். எங்களுக்குச் சம்மதம், வைகாசியில வச்சுக்கிருவோம், ஆனா பொண்ணோட அந்த ரெண்டு மைனரையும் சேத்து அனுப்பிறணும், மேஜரை இங்குட்டு வந்து மடக்கிக்கிறட்டும்னு சொல்லிவிட்டிருக்கிறார்கள். மீனாள் அழுதாள், சிரித்தாள், பிறகு மிச்சமிருந்த ஐந்து கம்பியோடு கிடாரை எடுத்து ஆள்காட்டி விரலை முதல் கட்டத்தில் எல்லாவற்றுக்கும் குறுக்கே படுக்கப்போட்டு, மற்ற மூன்று விரலால் அந்தச் சிரிச்ச மூஞ்சியை ஒரு கட்டம் தள்ளிப் பிடித்து அழுத்தினாள். எஃப் மேஜர் முதல்தடவையாகக் கணீரென்று பேசியது.

ஆகையால் சீர்ச் சாமானோடு கிடாரும் தேவகோட்டைக்குப் போகிறது, நீ கோபித்துக்கொள்ளாதே. வைகாசிக்கு முன்னமே லீவு சொல்லி வை, எண்ணெய் தேய்த்துக் குளி, கண்ட இடத்தில் சாப்பிடாதே. அம்மன் துணையால் நீ நோய்நொடியில்லாமல் நூறு வயது இருக்க வேண்டும். வரும்போது தங்கச்சிக்குக் கம்பி மறக்காமல் வாங்கி வா. அப்படியே பழசாகக் கிடார் ஒன்று கிடைத்தாலும் வாங்கி வா. அவளும் போன பிறகு இந்த வீட்டில் நான் யாரோடு பழகுவது?

இப்படிக்கு,
ஏ மைனர் பழகிவிட்ட உன் அம்மா
கல்யாணசுந்தரி